சேதுக் காவலரைச் சிறைபிடித்த படையெடுப்பு: பாம்பன், 1639

1639ஆம் ஆண்டு மதுரை மன்னர் திருமலை நாயக்கர் போர்த்துகீசியருக்கு ஓர் உறுதிமொழிக் கடிதம் கொடுத்தார். பாம்பனில் அவர்கள் கோட்டை வைத்துக்கொள்ளலாம். அதில் 50 போர்த்துகீசிய வீரர்களும் 100 லஸ்கர்களும், அதாவது உள்நாட்டுக் கூலி வீரர்களும், காவல் இருக்கலாம். ராமேசுவரத்தில் தம் சொந்தச் செலவில் ஒரு தேவாலயம் கட்டித் தருவார். பாம்பனுக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கரையில் மேலும் ஏழு தேவாலயங்கள் கட்டித் தருவார். கிறித்தவர் ஆக விரும்புகிறவர்கள் தடையின்றி ஆகலாம். இலங்கையில் போர்த்துகீசியருக்கு ஆட்களோ உணவுப்பொருளோ தேவைப்பட்டால் விலை எதுவும் வாங்காமல் அனுப்பி வைப்பார்.

இதற்கு ஈடாக அவர் கேட்டது கப்பல் உதவி. அந்நியப் பகைவர் யாரும் அப்போது கடல் தாண்டி வந்துவிடவில்லை. மதுரை மன்னர்களே பட்டம் கட்டி உட்கார வைத்த சேதுபதி என்னும் மறவர் தலைவர், மதுரைக்குத் திறை செலுத்தக் கடமைப்பட்டவர், ராமேசுவரம் தீவுக்குள் போய் இருந்துகொண்டு இறங்கி வர மறுத்தார். இத்தனை வாக்குறுதியும் அந்த ஒருவரைப் பிடிப்பதற்காகத்தான்.

இந்தக் கரையில் தேவாலயம் எழுவது புதுமையல்ல. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1530களில், ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். ராமேசுவரம் தீவில் இன்று கோயில் மணியும் பாங்கொலியும் தேவாலய மணியும் ஒரே காற்றில்தான் வருகின்றன. யாருக்கும் அது உறுத்தியதில்லை. என்னை உறுத்துவது கடிதத்தின் மற்றொரு பக்கம். பாம்பன் என்பது இரண்டு கடல்களுக்கு நடுவில் உள்ள வாசல். தம் குடிகளில் ஒரு பிரிவினரை அடக்குவதற்காக, அந்த வாசலின் சாவியை அயல்நாட்டுப் படைக்கு எழுதிக்கொடுக்க ஒரு மன்னர் முன்வந்தார். அந்தக் குடிகளோ, அதே வாசலைக் காக்க வேண்டும் என்று அவருடைய முன்னோரால் அமர்த்தப்பட்டவர்கள்.

படையெடுப்பு வெற்றி பெற்றது. ஆனால் ஓராண்டு கழிவதற்குள், பிடித்துச் சென்றவரை மன்னரே விடுவித்துத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. வெற்றி ஏன் அவ்வளவு சீக்கிரம் கையை விட்டுப் போயிற்று என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

காவல் என்ற வேலை

1605இல் மதுரையை ஆண்ட முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், போகலூரைச் சேர்ந்த சடைக்கத் தேவரைச் சேதுபதியாக ஏற்றுப் பட்டம் கட்டினார். உடையான் சேதுபதி என்று வரலாறு சொல்லும் மனிதர் அவர்தான். போகலூர் இன்று பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் வழியில் பஸ்ஸில் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும் ஊர். அன்று அதுவே சேது நாட்டின் தலைநகர்.

சேதுபதி என்பதைப் பெருமைக்குரிய பட்டமாக மட்டும் இன்று நினைக்கிறோம். அன்று அது சேதுவுக்கு, அதாவது ராமேசுவரத்துக்கு, போகும் வழியைக் காக்க அன்றாடம் செய்து தீர வேண்டிய வேலை. காசியிலிருந்து கங்கை நீர் சுமந்து வருகிறவரை எண்ணிப் பாருங்கள். மதுரை வரை சாலையும் சத்திரமும் உண்டு. வைகையின் கரையோடு கிழக்கே இறங்கினால் நிலம் மாறிவிடும். உடைமரமும் பனையும் கண்மாய்க் கரையும்தான் கண்ணுக்குப் படும். ஆற்றில் பெரும்பாலான மாதங்களில் மணல்தான் ஓடும். திருப்புல்லாணி, தேவிபட்டினம், சேதுக்கரை என்று தீர்த்தமாடிக்கொண்டு போனால் கடைசியில் மண்டபத்தில் நிலம் முடியும். அங்கிருந்து தோணி ஏற வேண்டும். இந்த வழியில் திருடன் உண்டு. தண்ணீர் இல்லாத ஊர் உண்டு. தோணிக் கூலி என்று மடியைப் பிடுங்குகிறவனும் உண்டு.

ஆகவே காவல் என்றால் குறுக்கு வழிகளில் ஆள் நிறுத்துவது, எந்த ஊருணியில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும் என்று தெரிந்திருப்பது, தோணிக்காரரோடு பேசி வைப்பது, களவு போனால் அந்தக் களவுக்குக் காவல்காரனையே பொறுப்பாக்குவது. இத்தனைக்கும் ஊருக்கு ஊர் உறவும் வாக்கும் வேண்டும். மதுரையிலிருந்து ஓர் ஓலையில் எழுதி அனுப்பிவிட்டால் நடந்துவிடுகிற காரியம் இல்லை இது.

இந்தப் பாதையின் மேல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. மண்டபத்துக்கு மேற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் வேதாளை என்று ஓர் ஊர். 16ஆம் நூற்றாண்டில் அங்கே போர்த்துகீசியர் காவல்படை வைத்திருந்தார்கள். அதன் தலைவன் பள்ளம் வெட்டி வழியை மறித்து, ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களிடம் வரி வசூலித்தான். 1549இல் வடுகர் (தெலுங்கர்) படை வந்து தாக்கியது. வரி வாங்கியவன் தப்பிவிட்டான். ஊர்ப் பெண்களையும் குழந்தைகளையும் தோணி ஏற்றிவிட்டுத் தான் கரையிலேயே நின்ற பாதிரியார் அந்தோணி கிரிமினாலி குத்திக் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சியாக அவரை அந்தச் சபையினர் போற்றுகிறார்கள். யாத்திரைப் பாதையில் ஒருவன் பேராசைப்பட்டான். விலை கொடுத்தவர் வேறொருவர். இந்தக் கரையின் வரலாற்றில் இது பலமுறை திரும்பி வருகிறது.

சண்டை எதனால் மூண்டது

உடையான் சேதுபதிக்குப் பின் அவர் மகன் கூத்தன் சேதுபதி 1622 முதல் 1635 வரை ஆண்டார். அவருக்குப் பின் இரண்டாம் சடைக்கத் தேவர் பட்டத்துக்கு வந்தார். தளவாய் சேதுபதி என்றும் அவரைச் சொல்வார்கள். மதுரையில் 1623 முதல் திருமலை நாயக்கர் ஆட்சி.

காரணம் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒன்று, சேதுபதி திறை கட்ட மறுத்தார், மன்னரின் ஆட்களை மதிக்கவில்லை என்பது. இன்னொன்று, வாரிசுச் சண்டை. சடைக்கத் தேவர் தம் மருமகன் முறையிலான ரகுநாதத் தேவரை அடுத்த பட்டத்துக்கு உரியவராக்க நினைத்தார். கூத்தன் சேதுபதிக்கு முறைப்படி மணம் செய்யாத மனைவியிடம் பிறந்த தம்பித் தேவர், பட்டம் தமக்கே என்று மதுரைக்குப் போய் முறையிட்டார். மன்னர் தம்பித் தேவர் பக்கம் சாய்ந்தார்.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். திறை பாக்கி என்றால் வழக்குப் பேசித் தீர்க்கலாம். பங்காளிச் சண்டை என்றால் பஞ்சாயத்து வைக்கலாம். இரண்டும் ஒன்றாகக் கூடியபோது மதுரைக்கு ஒரு வாய்ப்பாகத் தெரிந்திருக்கிறது. கடற்கரையில் வலுத்துக்கொண்டே வந்த ஒரு குடும்பத்தை எடுத்துவிட்டு, தாம் சொன்னபடி கேட்கிற ஒருவரை வைக்கலாம். பங்காளிகளில் ஒருவர் வந்து கதவைத் தட்டினால், தட்டியவருக்குப் பின்னால் ஊரே நிற்கிறது என்று நினைத்துக்கொள்வது அரசர்களுக்கு வழக்கம். தம்பித் தேவருக்குப் பின்னால் ஊர் நிற்கவில்லை.

தரைச் சண்டை

மன்னரின் தளவாய், அதாவது படைத்தலைவர், ராமப்பையன் படையோடு கிழக்கே வந்தார். பாளையக்காரர்களும் தத்தம் ஆட்களோடு உடன் வந்தார்கள். இந்தப் போரைப் பாடும் கதைப்பாட்டு நூல் ‘இராமப்பய்யன் அம்மானை’. மதுரைப் பக்கத்து வெற்றியைப் பாட வந்த நூல் அது. ஆனாலும் அதைக் கேட்கிறவர் மனத்தில் நிற்பவன் எதிர்ப் பக்கத்தில் இருக்கிறான்: சேதுபதியின் மகளை மணந்த மருமகன் வன்னியன். படையை நடத்தியவன் அவன்தான். வென்றவரைப் புகழ எடுத்த பாட்டில் தோற்றவர் வீரம் இவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்றால், பாடியவர்களும் கேட்டவர்களும் அந்தப் போரை எப்படி நினைத்தார்கள் என்பது விளங்கும்.

மறவர் சண்டை முறை வெட்டவெளியில் அணிவகுத்து நிற்பதல்ல. வேல், வாள், வளரி. வளரி என்பது வளைந்த எறிபடை. கையை விட்டுச் சுழன்று போய்க் காலை முறிக்கும். உடங்காட்டுக்குள்ளிருந்து வந்து அடித்துவிட்டு அதே காட்டுக்குள் மறைவார்கள். கண்மாய்க் கரை அவர்களுக்கு மதில். வரிசை கட்டிப் பழகிய பெரிய படைக்கு இப்படிப்பட்ட நிலம் நரகம். ஆனாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான். போகலூர் கைமாறியது. சேதுபதி தம் ஆட்களோடு கிழக்கே நகர்ந்து, பாம்பன் நீரைக் கடந்து, ராமேசுவரம் தீவுக்குள் போய்விட்டார்.

நீரிணை

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்திருப்பவருக்கு இந்தப் போர் புத்தகம் இல்லாமலே புரியும். 1988இல் அந்தப் பாலம் திறக்கும் வரை, 1914இல் கட்டிய ரயில் பாலம் ஒன்றுதான் தீவுக்கு வழி. அதற்கும் முன்னால் தோணிதான். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபம் பக்கத்து மீனவர் வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். முன்னது அலை அடங்கிக் கிடக்கும்; பின்னது எழுந்து அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குப் பாறைத் திட்டுகள். நீர் வற்றும்போது அவை எருமை முதுகு போலக் கறுத்து வெளியே தெரியும்.

ஒருமுறை பாலத்துக்கு அடியில், தெற்குவாடிப் பக்கம், வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நீரோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் கையை நீட்டிக் காட்டிச் சொன்னார்: “வாடைக் காலத்தில் நீவாடு தெற்கே இழுக்கும், தம்பி. சோழகக் காற்று தெற்கிலிருந்து எழுந்துவிட்டால் அதே தண்ணீர் வடக்கே ஓடும். கல்லுக்கு நடுவில் அது ஓடுகிற வேகத்தில் துடுப்பு நிற்காது. நேரம் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.” “நேரம் தெரியாதவன் இறங்கினால் என்ன ஆகும், ஐயா?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் தெற்கே குருசடைத் தீவு இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு, “கல்லில் கொண்டுபோய் வைத்துவிடும்,” என்றார்.

அந்த நேரம் யாருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் 1639இல் கேள்வியாக இருந்தது. கரையோர மக்களுக்குத் தெரியும். அவர்களுடைய தோணிகள் சேதுபதி பக்கம். மதுரைப் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கடலையே பார்த்திராதவர்கள். எதிர்க் கரையில் சேதுபதியின் ஆட்கள் நடமாடுவது கண்ணுக்குத் தெரிகிறது. எட்டிப் பிடிக்க முடியவில்லை. இந்தக் கரையில் படை நாளும் சோறு தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது. மண்டபம் முனை குறுகலான மணல் நிலம். மணலைத் தோண்டினால் ஊற்று வரும், நல்ல தண்ணீர்தான். ஆனால் ஒரு சிற்றூருக்குப் போதும், ஒரு படைக்குப் போதாது. அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறிவிடும் என்பது அங்கே தண்ணீர் எடுத்துப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

இந்த நெருக்கடியில் ராமப்பையன் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கடலைத் தூர்த்து வழி போடத் தொடங்கினார். பாறைத் திட்டுகளுக்கு இடையில் கல்லைக் கொட்டி அணை கட்டினார்கள். நடவாத காரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 15ஆம் நூற்றாண்டு வரை இங்கே நடந்தே கடந்தார்கள் என்பது ராமேசுவரம் கோயில் மரபு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பாறையை உடைத்துக் கால்வாயை ஆழப்படுத்தும் வரை இந்த இடம் ஆழமற்றுத்தான் கிடந்தது. ஆட்கள் தயங்கியபோது தளவாயே கல் சுமந்தார், அதைக் கண்டு மற்றவர்களும் சுமந்தார்கள் என்று அம்மானை சொல்கிறது.

கல் சுமந்த அந்தக் காட்சியில் எனக்கு ஒரு வலி உண்டு. ராமர் அணை கட்டியதாக இந்த நாடே நம்புகிற கடலில், ராமரின் பெயரைத் தாங்கிய ஒருவர் மறுபடி அணை கட்டுகிறார். அக்கரையில் இருப்பது இலங்கை வேந்தன் அல்ல; ராமநாதசுவாமி கோயிலும், அந்தக் கோயிலுக்குக் காவல் என்று நேர்ந்துகொண்ட குடும்பமும். கல் சுமந்த ஒவ்வொரு வீரனும் ஊருக்குத் திரும்பினால் சேது யாத்திரை போய்வந்தவர் காலில் விழுந்து கும்பிடுகிறவனாகத்தான் இருந்திருப்பான்.

இரண்டாவது காரியம், போர்த்துகீசியர் கப்பல். அதற்குத்தான் அந்தக் கடிதம். போர்த்துகீசியருக்கும் அப்போது தேவை இருந்தது. இலங்கைக் கரையில் டச்சுக்காரர்கள் அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்: 1638இல் மட்டக்களப்பு போயிற்று, 1639இல் திருகோணமலை, 1640இல் காலி. படைக்கு ஆள் வேண்டும், அரிசி வேண்டும், பாம்பன் வழியாகக் கப்பல் போக இடைஞ்சல் இருக்கக் கூடாது. கடிதத்தில் இலங்கைக்கு இலவச உதவி என்ற வரி ஏன் வந்தது என்பது இப்போது தெரிகிறது. மதுரைக்கும் சேது நாட்டுக்கும் இடையிலான ஒரு குடும்ப வழக்கு, இரண்டு ஐரோப்பிய நாடுகளின் கடற்போருக்குள் கொண்டுபோய்ச் செருகப்பட்டது. கல்லணையால் தீவுக்கு வழி. கப்பலால் தீவிலிருந்து வெளியேறும் வழிக்கு அடைப்பு.

அப்போதும் வன்னியன் நின்று பார்த்தான். அவனை வீழ்த்தியது வாளும் அல்ல, பீரங்கியும் அல்ல. அவனுக்கு அம்மை போட்டது. படுக்கையிலிருந்து எழுந்து சண்டைக்குப் போனவன் அந்த நோயிலேயே இறந்தான். சேதுபதியின் மகளான அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்று அம்மானை பாடுகிறது. முற்றுகையில் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில், தண்ணீர் குறைந்த தீவில், அம்மை ஒருவனோடு நின்றிருக்காது. பெயர் தெரியாத எத்தனை பேர் அதில் போனார்களோ, அவர்களுக்கு அம்மானை கிடையாது.

தளபதியும் போய், மகளும் போன பிறகு சேதுபதி சரணடைந்தார். அவரை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார்கள். தம்பித் தேவர் சேதுபதி ஆனார்.

நாற்காலி கிடைத்தது, நாடு கிடைக்கவில்லை

மதுரையின் கணக்கு முழுக்க நிறைவேறிய தருணம் இதுதான். அடங்காதவர் சிறையில், அடங்குகிறவர் பட்டத்தில், நீரிணையில் நட்புக் கப்பல்கள். ஆனால் அந்த நாளிலிருந்தே காரியம் கெடத் தொடங்கியது.

சடைக்கத் தேவரின் மருமக்கள் ரகுநாதத் தேவரும் நாராயணத் தேவரும் தம்பித் தேவரை ஏற்கவில்லை. நாட்டில் கலகம் மூண்டது. ஆங்காங்கே காவல் நின்றவர்கள் யாருக்காக நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். பலர் நிற்கவே இல்லை. யாத்திரைப் பாதை கெட்டது. கொள்ளை பெருகியது. ராமேசுவரம் போக முடியாமல் திரும்பிய பயணிகளும் வடநாட்டுத் துறவிகளான பைராகிகளும் மதுரைக்குப் போய் முறையிட்டார்கள். சேதுவுக்குப் போகும் வழியைக் காக்க முடியாத மன்னர் என்ற பெயர், கோயில்களுக்கு அள்ளிக் கொடுத்துப் பெயர் எடுத்த திருமலை நாயக்கரைச் சுட்டிருக்கும்.

இதை நான் பார்க்கிற விதம் இது. மன்னர் ஒரு மனிதரை எதிரியாகப் பார்த்தார். அந்த மனிதரோ ஒரு வலையின் முடிச்சு. தலையாரி, தோணிக்காரர், சத்திரத்துக்காரர், கண்மாய்க் காவல், பாளையத்து உறவுமுறை என்று எத்தனையோ நூல்கள் அந்த முடிச்சில் வந்து கூடியிருந்தன. முடிச்சை வெட்டி எடுத்துக்கொண்டு போய் மதுரையில் பூட்டி வைத்தால் இங்கே வலை பிரிந்துபோகும். தம்பித் தேவரிடம் பட்டம் இருந்தது, மன்னரின் ஓலை இருந்தது, தேவைப்பட்டால் மதுரைப் படையும் வரும். இரவில் மூன்றாம் சாமத்தில் உடங்காட்டு வழியில் வரும் ஒரு பயணிக்காகத் தூக்கம் விழிக்கிற ஆள் மட்டும் அவரிடம் இல்லை. அப்படிப்பட்ட ஆளைப் படை அனுப்பிப் பெற முடியாது.

திருமலை நாயக்கரின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. செய்த பிழையை அவர் உணர்ந்தார், உணர்ந்ததோடு நிற்காமல் திருத்தவும் செய்தார். வெற்றி பெற்ற அரசர்களில் அதைச் செய்தவர்கள் குறைவு. 1640 வாக்கில் சடைக்கத் தேவர் விடுதலையாகி மறுபடி சேதுபதி ஆனார். கல் சுமந்ததும் கடிதம் எழுதியதும் வன்னியன் இறந்ததும், எல்லாம் நடந்து முடிந்த பிறகு, போருக்கு முன்னால் யார் எங்கே இருந்தாரோ அவர் அங்கேயே திரும்ப வந்து உட்கார்ந்தார்.

ஆனால் போர் கிளறிவிட்ட பகை அடங்கவில்லை. 1645இல் தம்பித் தேவர் சடைக்கத் தேவரைக் கொலை செய்தார். மன்னர் இம்முறை படை அனுப்பாமல் பாகப் பிரிவினை செய்தார். ரகுநாதத் தேவருக்கு ராமநாதபுரப் பகுதி, தம்பித் தேவருக்குக் காளையார்கோயில் பகுதி, அதே குடும்பத்தைச் சேர்ந்த தனக்கத் தேவர் வகைக்குத் திருவாடானைப் பகுதி. சொத்துப் பிரித்தது போல நாட்டைப் பிரித்தார். இதுவும் நிலைக்கவில்லை. மற்றப் பங்குகளுக்கு உரியவர்கள் மறைந்தபின் ரகுநாதத் தேவர் நாட்டை மறுபடி ஒன்றாக்கினார். எவரைப் பட்டத்துக்கு வரவிடாமல் தடுக்கத் தம்பித் தேவர் மதுரைக் கதவைத் தட்டினாரோ, கடைசியில் அவரே சேதுபதி ஆனார். படையெடுப்பு தள்ளிப்போட்டது சில ஆண்டுகளைத்தான்.

மைசூர்ப் படை வந்தபோது

1656 வாக்கில் மைசூர் மன்னர் கந்தீரவ நரசராசாவின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி மதுரையை நோக்கி வந்தது. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்துச் சாக்கில் கட்டி அனுப்பியதால் அதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர் நின்றுவிட்டது. திருமலை நாயக்கருக்கு வயதாகிவிட்டது, உடல்நலமும் இல்லை. தலைநகருக்கே ஆபத்து. அவர் ஆள் அனுப்பியது ராமநாதபுரத்துக்கு.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. போகலூர் கைமாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள், முற்றுகையில் தகப்பனையும் அண்ணனையும் அம்மைக்குப் பறிகொடுத்தவர்கள் உயிரோடு இருந்த காலம். ரகுநாத சேதுபதியே அந்தப் படையெடுப்புக்கு எதிராகக் கலகம் செய்தவர். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் வந்தார். மறவர் படையைத் திரட்டிக்கொண்டு விரைந்து வந்து மதுரைக்கு முன்னால் நின்றார். மைசூர்ப் படை பின்வாங்கியது. மதுரைப் படை துரத்திக்கொண்டு போய் அதே மூக்கறுப்பால் பழி தீர்த்தது.

வளரியும் வேலும் அதே வளரியும் வேலும்தான். 1639இல் அவை யாருக்கு எதிராக நின்றனவோ அவரையே இப்போது காப்பாற்றின. பாம்பனில் போர்த்துகீசியருக்குக் கோட்டை எழுதிக்கொடுத்து வாங்க முயன்ற பாதுகாப்பு மதுரைக்கு இந்த வழியில்தான் கிடைத்தது. அந்தப் போர்த்துகீசியரோ 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் டச்சுக்காரரிடம் இழந்து இந்தக் கடலை விட்டே போய்விட்டார்கள்.

திருமலை நாயக்கர் நன்றி மறக்கவில்லை. தம் பெயரையே பட்டமாகக் கொடுத்தார். ரகுநாத சேதுபதி அது முதல் திருமலை சேதுபதி. திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடை ஆகிய பகுதிகளை அளித்தார். மதுரையில் கொண்டாடுவது போலவே நவராத்திரியை ராமநாதபுரத்திலும் கொண்டாடும் உரிமை தந்தார். இனித் திறை கட்ட வேண்டாம் என்றும் சொன்னார். 1659இல் அவர் காலமானார்.

எந்தத் திறைக்காகப் படை வந்ததாகச் சொல்கிறார்களோ அந்தத் திறை அப்படித்தான் முடிந்தது. திருமலை சேதுபதி பிறகு ராமநாதசுவாமி கோயிலின் இரண்டாம் பிராகாரத் திருப்பணியைச் செய்தார். முற்றுகையின்போது அவருடைய மாமன் ஒதுங்கியிருந்த அதே தீவில், கல் சுமக்க ஆள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசியில் ராமநாதபுரம் போனால் அரண்மனைக்குள் ராஜராஜேசுவரி அம்மன் கோயிலில் ஒன்பது நாளும் விளக்கு எரியும். விஜயதசமி அன்று அம்மன் புறப்பாடு. சுற்று ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டுகிறார்கள். மதுரை மன்னர் கொடுத்த உரிமை அது.